கைமாறும் இடத்தில்தான் செலவு

ஆசியாவையும் ஐரோப்பாவையும் தரைவழியாக இணைக்கும் சரக்குப் பாதைகள் பற்றி இன்று அதிகம் பேசப்படுகிறது. சீனாவிலிருந்து கஸகஸ்தான், ரஷ்யா, பெலாரஸ், போலந்து வழியாகச் செல்லும் புகையிரதப் பாதை இவற்றுள் முக்கியமானது. கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் சரக்கு இதில் இரண்டு, மூன்று வாரங்களில் போய்ச் சேருகிறது. கட்டணமோ கப்பலைவிட அதிகம்; விமானத்தைவிடக் குறைவு. எனவே விலை கூடிய, அவசரமான பொருட்களுக்கே இது பொருத்தம்.

ஆனால் இந்தப் பாதையிலும் தடங்கல் உண்டு. சீனாவிலும் போலந்திலும் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீற்றர். இடையிலுள்ள நாடுகளில் 1,520 மில்லிமீற்றர். இதனால் இரண்டு எல்லைகளில் கொள்கலன்களை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். நெரிசலும் தாமதமும் ஏற்படுவது பெரும்பாலும் அங்கேதான். 2022இல் உக்ரைன் யுத்தம் மூண்டபின் ரஷ்யாவைத் தவிர்த்துப் பலர் கஸ்பியன் கடல் வழியை நாடினர். அதில் புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் எனக் கைமாற்றம் இன்னும் கூடுகிறது.

இலங்கைக்கும் இது புதிதல்ல. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் சேவையிலும் ரயிலிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து ரயிலுக்கும் மாறவேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பல் சேவையும் 1980களில் யுத்தச் சூழலில் நின்றுபோனது. ஓர் இணைப்பு அறுந்தால் முழுப் பாதையும் பயனற்றுப் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

நமது பிரதேசத்தின் நிலை என்ன? புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம், நுழைவாயிலை மணல் அடைத்ததால் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆகவே கொழும்பில் இறங்கும் சரக்கு புறக்கோட்டைக் களஞ்சியம், லொறி எனப் பல கை மாறியே கல்முனைக் கடைகளுக்கு வருகிறது.

எனவே சரக்குக்குச் சொல்லும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது. பொருள் எத்தனை இடத்தில் கைமாறும்? ஏற்றுகூலி, இறக்குகூலி யாருடையது? துறைமுகத்தில் தேங்கினால் தாமதக் கட்டணத்தை யார் கட்டுவது? வழியில் சேதமடைந்தால் யார் பொறுப்பு? இவற்றை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரக்கு தங்கும் ஒவ்வொரு நாளும் நமது முதல் முடங்கும் நாளாகும். பெருநாளைக்கு வரவேண்டிய துணி பெருநாள் கழிந்து வந்தால், மலிவாக வாங்கியதில் என்ன இலாபம்?