ஏறி இறங்கும் இருக்கை

காலடிப்பேட்டை என்னும் பெயரைக் கேட்போர், எவரோ ஒரு பெரியார் அடி பதித்த இடம் போலும் என்று எண்ணுவர். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராயிருந்த ஜோசப் காலட் என்பார் காலத்தில் நெசவாளர்க்கென அமைந்த குடியிருப்பு, காலட் பேட்டை என வழங்கிப் பின்னர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. தமிழ் பயிலும் எமக்கு இத்திரிபு இனிது. ஆயினும் ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது பெயரையன்று. மெய்யாகவே காலடியைப் பற்றிய ஒன்றனை. சைக்கிளில் அமர்ந்து செல்வோன் இடையில் நிற்க நேர்ந்தால், அவன் காலடி நிலத்தை எட்டுமா என்பதே அது.

சைக்கிளின் இருக்கைக்கு ஏற்ற உயரம் யாது என வினவின், ஒன்றன்று, இரண்டு என்றே விடை கூறல் வேண்டும். குதிகாலைப் பெடலின்மேல் வைத்து, பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீளுமாறு இருக்கையை உயர்த்துக. பின்னர்ப் பாதத்தின் முற்பகுதியால் மிதிக்க, முழங்கால் சிறிதே மடிந்து நிற்கும். மிதித்தற்குரிய உயரம் அதுவே. ஆனால் அவ்வுயரத்தில் அமர்ந்தவனுக்கு, வண்டி நிற்குங்கால் விரல்நுனியேனும் தரையைத் தொடுதல் அரிது. தொடுமாறு தாழ்த்தினாலோ, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மிகையாக மடிந்து நோவெடுக்கும்.

வடசென்னையில் இஃது ஏட்டுச் சிக்கல் அன்று. எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கொள்கலன் லாரிகளினூடே வேலைக்குச் செல்வோர் பலர் இருக்கையைத் தாழ்த்தியே வைத்திருத்தலைக் காணலாம். அச்சம் கற்பித்த பாடம் அது. அவரைக் குறைகூற எம்மால் இயலாது.

எம் தமக்கையின் கணவர் இரவு முறையில் வேலை செய்பவர். பழைய மின்சார மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். காலடிப்பேட்டையில் மலை ஏது என்று யாம் நகைத்தோம். "மலை இல்லை, மச்சான்; பள்ளத்தாக்கு நிறைய உண்டு" என்று சாலைக் குழிகளைச் சுட்டினார். ஒருநாள் வைகறையில், நின்ற லாரி ஒன்றன் அருகே கால் எட்டாது இடப்புறம் சாய்ந்து வீழ்ந்தார். லாரி அசையாதிருந்தமையால் முழங்கையில் ஏற்பட்ட காயத்தோடு போயிற்று. அன்றே இருக்கையை அடிவரை இறக்கிவிட்டார். இரண்டு திங்களில் மாடிப்படி ஏறவும் முழங்காலைப் பிடித்துக்கொள்ளலானார்.

மின்சார சைக்கிளில் இத்தொல்லை இரட்டிக்கும். மோட்டாரும் பாட்டரியும் சேர இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி சாயத் தொடங்கின் நுனிக்காலால் தாங்க ஒண்ணாது. அன்றியும், பெடலைத் தொட்ட அளவில் மோட்டார் உந்தும். நம் நாட்டில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டதாயின் சட்டம் அதனை மோட்டார் வண்டியாகக் கொள்வதில்லை. ஆயினும், நிலைகுலைந்தவனை லாரியின் பக்கம் தள்ள அச்சிறு உந்தலே போதும்.

இதற்கு மருந்து, டிராப்பர் எனப்படும் இருக்கைத் தண்டு. அலுவலகச் சுழல் நாற்காலியைப் பார்த்தோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். ஒன்றனுள் ஒன்று நழுவும் இரு குழாய்கள். உள்ளே அழுத்திய காற்றும், பூட்டித் திறக்கும் எண்ணெய்த் தடுக்கும். ஹாண்டில்பாரிலுள்ள விசையை அழுத்தியவாறே அமர்ந்தால் இருக்கை தாழும். எழுந்து அழுத்தினால் தானே உயரும். விசையை விட்ட இடத்தில் நிற்கும். மலையிறங்குவோர்க்கென எழுந்த கருவி இது. 1984ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்செல் என்னும் இருவர் ஹைட் ரைட் என்றொரு வில்லைச் செய்தனர். அஃது இதன் முன்னோடி. 2022இல் மத்தேய் மொஹோரிச் என்னும் ஸ்லொவேனிய வீரர் மிலான் – சான் ரேமோ சாலைப் பந்தயத்திலேயே இதனைப் பூட்டி, போஜியோ மலையிறக்கத்தில் பிறரை முந்தி வென்றார்.

இனிப் பூட்டும் முறை. காலடிப்பேட்டைச் சைக்கிள் கடைக்காரர் இக்கருவியை முன்பு கண்டவரல்லர், யாமும் அல்லேம். முதலிற் பார்க்க வேண்டுவது விட்டம். 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர் என்பன பெரும்பான்மை. குழாய் சற்றே பெரிதாயின் இடையில் மெல்லிய குழல் ஒன்றைச் செருகலாம். நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடையே சாரியை வருதல் போல என்க. தண்டு பெரிதாயின் எச்சாரியையும் உதவாது.

அடுத்தது நீளம். இங்கேதான் பலர் பொருளை வீணாக்குவர். மிதித்தற்குரிய உயரத்தில், ஃபிரேமின் கழுத்திலிருந்து இருக்கையின் அடிக்கம்பி வரை அளந்தோம், 190 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் தாழும் தண்டு, முழுதும் உள்ளே செருகினும் 198 உயரம் கொள்ளும். எட்டு மில்லிமீட்டர்தானே என்னற்க. இடுப்பு இருபுறமும் ஆடும். ஆதலின் 125 தாழ்வதையே கொண்டோம். பின்னர்க் குழாயினுள் கோல் விட்டுப் பார்த்தோம், 230இல் தடுத்தது. மோட்டாருக்கு மேலே குழாய் வளைவதே காரணம். தண்டின் அடிப்பகுதி அதனுள் அடங்குவதும், அதன்மேற் பொறித்த குறைந்தபட்சச் செருகற்கோடு மறைவதும் உறுதியான பின்னரே விலை கொடுத்தோம்.

கம்பியை ஃபிரேமினுள்ளே செலுத்துதல் அழகு. ஆனால் மோட்டாரைத் தளர்த்தாமல் அது பெரும்பாலும் கைகூடாது. மின்கம்பிகள் நசுங்குமென அஞ்சி, வெளியே ஓடும் கம்பியுள்ள வகையைத் தேர்ந்தோம். பாட்டரியைக் கழற்றி வைத்து, தண்டில் மெல்லக் கிரீஸ் பூசிச் செருகினோம். கடைக்காரர் பழைய வழக்கப்படி போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்க, தண்டு அசையாமல் நின்றுவிட்டது. கழுத்து வெளிக்குழாயை நெரித்துவிட்டதே காரணம். இத்தகைய தண்டுக்கு ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். தளர்த்தியவுடன் வழுக்கி ஏறிற்று.

பெரும்பிழை எம்முடையதே. கம்பியின் உறையை அழகு கருதிக் குறுக வெட்டினோம். மெட்ரோ தூண்களின் கீழ் அத்தான் வலப்புறம் திரும்பியபோது ஹாண்டில்பார் கம்பியை இழுக்க, பூட்டுத் திறந்து இருக்கை அவரோடு சடக்கெனத் தாழ்ந்தது. நல்லவேளையாகக் கால் தரையிலே ஊன்றியது. இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்து, தளர்வு விட்டு உறையை வெட்டுக என்பதனை அன்று கற்றோம்.

மறுநாள் புதிய உறை மாட்டினோம். இப்போது சிக்னலை அணுகும்போதே அவர் கட்டைவிரல் விசையைத் தேடுகிறது. முழங்கால் நோவு முற்றும் நீங்கிற்றென்று சொல்லோம். மாடிப்படியைப் பிடியின்றி ஏறுகிறார். எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு உட்குழாயிற் படிகிறதாதலின், ஞாயிறுதோறும் அதனைத் துணியால் துடைத்து வைக்கும் பணி எம்முடையதாயிற்று.