கல்நார்த் தூசும் தொழிலாளர் நலமும்

முன்னாளிற் பனையோலையும் கிடுகும் வேய்ந்த இல்லங்களைக் கொண்டிருந்த நாரந்தனை முதலிய தீவகக் கிராமங்களில் இன்று நெளிதகட்டுக் கூரைகளையும் காண்கின்றோம். சீமெந்துடன் கல்நார் கலந்து செய்யப்பட்ட தகடுகள் தீப்பற்றா. உப்புக் காற்றிலும் துருப்பிடியா. ஆயின், அவற்றை அறுத்தும் துளைத்தும் உடைத்தும் தொழில் செய்வோர்க்கு நேரும் தீங்கை நாம் அறிதல் வேண்டும்.

கல்நார் என்பது மெல்லிய இழைகளாகப் பிரியும் ஒரு கனிப்பொருள். தகட்டை வாளால் அறுக்கும்போது கண்ணுக்குப் புலனாகா இழைகள் மூச்சுடன் நுரையீரலை அடைகின்றன. அங்கே தங்கும் இழைகளால் நுரையீரல் தழும்பேறி இறுகுவதே கல்நார் நோய். நுரையீரற் புற்றும், நுரையீரலின் உறையில் எழும் புற்றும் இவற்றால் உண்டாகும். புகைபிடிப்போர்க்கு நுரையீரற் புற்றின் அபாயம் பன்மடங்காகும்.

இங்கிலாந்தில் றொச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையில் உழைத்த நெல்லி கேர்ஷோ என்னும் பெண் 1924 இல் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், மரணத்திற்குக் காரணம் இத்தூசே எனக் கண்டார். 1931 இல் அந்நாட்டில் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. இலங்கையில் நீலக்கல்நார் 1987 இல் தடைசெய்யப்பட்டது. வெண்கல்நார் இறக்குமதியை 2018 முதல் நிறுத்தத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. 2017 டிசம்பரில் ருசியா, வண்டொன்றைக் காரணங்காட்டி நம் தேயிலையை மறுத்தது. அதன்பின் அத்தீர்மானம் கைவிடப்பட்டது.

இந்நோய்கள் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழிந்தே வெளிப்படுவன. இளமையிற் கூரையிட்டவர் முதுமையில் மூச்சிரைக்கும்போது அத்தொழிலை நினைப்பதில்லை. இதனைக் கருதியே இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல், கல்நார்த் தொழிலாளரின் சுகாதாரப் பதிவேட்டை வேலை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பேணுமாறு பணித்தது. ஆலைக்குப் பதிவேடு உண்டு. நாட்கூலிக்குக் கூரையிடுவோர்க்கு அதனை வைப்பார் யார்?

ஆதலின் அவர்கள் தம்மைத் தாமே காத்தல் வேண்டும். தகட்டை நீரால் நனைத்து, உடையாமற் கழற்றுக, விசைவாளைத் தவிர்க்க. நுண்தூசைத் தடுக்கும் முகமூடி அணிக, துணிக்கட்டு போதாது. தூசை உலர்வாகப் பெருக்கற்க. வேலை உடையை வீட்டில் உதறற்க. உதறினால் மனைவி மக்களும் அத்தூசைச் சுவாசிப்பர். உடைந்த துண்டுகளை வேலிக்கோ நிலம் நிரப்பவோ கொள்ளற்க.

வீடு கட்டுவிக்கும் பழைய மாணவர்கள் முகமூடிக்காகும் செலவையும் கூலியோடு சேர்த்துக் கொடுப்பாராக. தொழில் செய்தவர், எந்த ஆண்டில் எவ்விடத்தில் இத்தகடுகளை அறுத்தார் என்பதைத் தம் வைத்தியக் கொப்பியில் எழுதிவைப்பாராக. பிற்காலத்தில் வைத்தியருக்கு வழிகாட்டுவது அந்த ஒரு வரியே.