மண் கரையைக் கவனிப்போம்



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையின் வேகத்தைக் குறைப்பவற்றில் ஒன்று, நாம் தினமும் கடந்து போகும் மண் கரை.

குயிலாப்பாளையம் செம்மண் மேட்டில் உள்ள ஊர். மேட்டில் மரங்கள் அழிந்து பொட்டலாகக் கிடந்த காலத்தில், கடலை நோக்கி ஓடிய மழைநீர் மண்ணை அரித்து ஆழமான பள்ளங்களை உண்டாக்கியது. 1968-இல் ஆரோவில் தொடங்கிய பிறகு, அங்கு வந்து குடியேறியவர்களும் சுற்றுவட்டார உழைப்பாளிகளும் சரிவுக்குக் குறுக்கே மண் கரை போட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள், மரம் நட்டார்கள். கரை நீரைத் தேக்கி நிலத்தில் இறங்க வைக்கிறது. அதனால் தாழ்வான பகுதிக்கு வெள்ளம் ஒரேயடியாகப் பாய்வது குறைகிறது.

ஆனால் மண் கரைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் தலைக்கு மேல் நீர் வழிந்தால், வழியும் நீரே கரையை அறுத்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையின் மண் கரைகள் இப்படித்தான் உடைந்தன. மோர்பி நகரில் ஏராளமானோர் உயிரிழந்தனர்.

ஐப்பசி மழைக்கு முன் நாம் பார்க்க வேண்டியவை:

1. கலங்கல்: உபரி நீர் வெளியேறும் வழி இது. இதில் குப்பை, முள்செடி, கட்டட இடிபாடு எதுவும் இருக்கக் கூடாது. நீர் அதிகம் தேங்கட்டும் என்று இதை அடைப்பது பேராபத்து.

2. கரையின் தலை: ஆடு மாடும் வண்டியும் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில்தான் நீர் முதலில் வழியும். மண் போட்டு, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும்.

3. வளைகள்: எலி, நண்டு தோண்டிய ஓட்டை வழியே நீர் உட்புகுந்து கரையைக் குடையும்.

4. கசிவு: தெளிந்த நீர் கசிந்தால் தொடர்ந்து கவனியுங்கள். கலங்கிய நீர் வந்தால் கரையின் உள்மண் கரைகிறது என்று பொருள். உடனே கீழ்ப்புறக் குடும்பங்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊராட்சிக்கும் மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கும் சொல்லுங்கள்.

5. மண் எடுத்தல்: வீட்டு வேலைக்கு ஒரு கூடை மண்கூடக் கரையிலிருந்து எடுக்காதீர்கள்.

யமன் நாட்டின் மஆரிப் அணையும் மண்ணால் ஆனதே. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அது வயல்களை வாழ வைத்தது. பலமுறை உடைந்தது, ஒவ்வொரு முறையும் செப்பனிட்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் கடைசியாக உடைந்தபின் எடுத்துக் கட்ட யாரும் இல்லை. ஸபா மக்கள் மீது வந்த அணை வெள்ளத்தைக் குர்ஆனின் 34-ஆம் அத்தியாயம் நன்றி மறந்தவர்களுக்கான பாடமாகச் சொல்கிறது. கிடைத்த நிஃமத்தைப் பேணிக் காப்பதும் நன்றி செலுத்துவதில் ஒரு பகுதிதானே?

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள கரையை ஒருமுறை நடந்து பாருங்கள். அல்லாஹ் நம் ஊரார் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.