கற்பூரமும் தராசும்

இருந்த இடம் தெரியாமல் ஒருவன் மறைந்துவிட்டால், காற்றில் கரைந்த கற்பூரம்போல மறைந்தான் என்று சொல்லுவது உலக வழக்கு. அவ்வழக்கு பொருளற்றதன்று. மூடி வைக்க மறந்த கற்பூரம் நாள்தோறும் சிறுத்து, இறுதியில் இல்லாமற் போகிறது. தட்டில் ஏற்றிய கற்பூரமோ சில நிமிடங்களில் எரிந்து, சாம்பலும் எஞ்சாமல் முடிந்துவிடுகிறது. இரண்டிடத்தும் கண்ணுக்குப் புலப்படுவது ஒன்றே. இருந்த பொருள் இல்லையாயிற்று. ஆயினும் இவ்விரு மறைவுகளும் ஒரே தன்மையுடையன அல்ல. அவற்றின் வேறுபாட்டை அறிவது இரசாயனக் கல்வியின் முதற்படியாகும். மறைந்த பொருள் உண்மையில் அழிந்ததா என்று வினவுவது அடுத்த படியாகும்.

இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உடையதும் எதுவோ, அதுவே பொருள் எனப்படும். பொருள்கள் பொதுவாகத் திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் காணப்படுகின்றன. பனிக்கட்டி உருகி நீராகிறது. நீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகிறது. இம்மூன்று நிலைகளிலும் பொருள் ஒன்றுதான். அதன் நிலையே மாறுகிறது. இவ்வாறு நிலையோ வடிவமோ மட்டும் மாறி, பொருளின் இயல்பு மாறாதிருப்பதைப் பௌதிக மாற்றம் என்பர்.

திறந்து வைத்த கற்பூரம் மறைவதும் பௌதிக மாற்றமே. ஆனால், அது பனிக்கட்டியைப்போல உருகித் திரவமாவதில்லை; திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிவிடுகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். கற்பூரத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு நன்றாக மூடி வைத்தால், சில நாட்களில் புட்டியின் குளிர்ந்த பக்கங்களில் மெல்லிய படிகங்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவற்றின் மணமும் கற்பூர மணமே; அவை எரிவதும் கற்பூரம் எரிவதைப் போன்றே இருக்கும். ஆவியாகச் சென்ற கற்பூரமே மீண்டு வந்துள்ளது என்பது இதனால் விளங்கும்.

கற்பூரம் எரியும்பொழுது நிகழ்வது வேறு. சுடருக்கு மேலே ஒரு வெண்ணிறப் பீங்கான் தட்டைப் பிடித்தால் கரும்புகை படிகிறது. அது கரி. அக்கரிக்குக் கற்பூரத்தின் மணமும் இல்லை, நிறமும் இல்லை. சுடரிலிருந்து எழும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அந்நீர் பால்போலக் கலங்குகிறது. கரியமில வாயு உண்டாயிருப்பதற்கு அதுவே சான்று. அதனோடு நீராவியும் உண்டாகிறது. இவற்றை எவ்வளவு குளிர வைத்தாலும் கற்பூரம் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பொருள் தன் இயல்பை இழந்து, வேறு இயல்புடைய புதுப் பொருளாவதை இரசாயன மாற்றம் என்பர். இரும்பு துருப்பிடிப்பதும், பால் தயிராவதும், விறகு எரிவதும் இத்தகைய மாற்றங்களே.

இனி, எரிந்த பொருள் எங்கே சென்றது? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்கள் நெடுங்காலம் முயன்றனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டால் என்னும் ஜெர்மானிய மருத்துவர், எரியும் பொருள்கள் யாவற்றிலும் பிளாஜிஸ்டன் என்ற ஒன்று உறைகிறது என்றும், எரியும்போது அது வெளியேறிவிடுகிறது என்றும் விளக்கினார். விறகு எரிந்தபின் இலேசான சாம்பல் எஞ்சுவதைக் கண்டவர்களுக்கு அக்கொள்கை பொருத்தமாகவே தோன்றிற்று. ஐரோப்பிய அறிஞர் பலரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

எனினும், ஒரு செய்தி அக்கொள்கைக்கு முரணாக நின்றது. வெள்ளீயம் போன்ற உலோகங்களைக் காற்றில் காய்ச்சினால் கிடைக்கும் நீறு, முன்னிருந்த உலோகத்தைவிட எடை மிகுந்திருந்தது. ஒன்று வெளியேறியபின் எடை எவ்வாறு கூடும்? ராபர்ட் பாயில் என்னும் பேரறிஞர் 1673ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். அவர் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்தினுள் அடைத்துக் காய்ச்சினார். பின்னர்க் கலத்தைத் திறந்து, உள்ளிருந்ததை நிறுத்துப் பார்த்தார். எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்களே கண்ணாடியை ஊடுருவிச் சென்று உலோகத்தோடு சேர்ந்தன என்று அவர் முடிவு செய்தார்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1774ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து அறிஞர் லவாசியே அதே சோதனையை மீண்டும் செய்தார். அவர் செய்த மாறுதல் சிறியது. கலத்தைத் திறப்பதற்கு முன்பே நிறுத்தார். எடை சிறிதும் கூடவில்லை. நெருப்பிலிருந்து எதுவும் உள்ளே நுழையவில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. பின்பு கலத்தைத் திறந்தபோது வெளிக்காற்று விரைந்து உட்புகுந்தது. அப்பொழுதுதான் எடை கூடிற்று. கலத்தினுள் இருந்த காற்றின் ஒரு பகுதியே உலோகத்தோடு சேர்ந்து நீறாகியிருந்தது. அதனால் நேர்ந்த வெற்றிடத்தை நிரப்பவே வெளிக்காற்று புகுந்தது. பாயிலின் திறமையில் குறைவில்லை. திறந்தபின் நிறுத்தமையால், புதிதாகப் புகுந்த காற்று அவர் கணக்கில் வராமற் போயிற்று.

காற்றின் அப்பகுதி யாது என்பதை லவாசியே மற்றொரு சோதனையால் காட்டினார். அவர் பாதரசத்தை அடைபட்ட காற்றோடு பன்னிரண்டு நாட்கள் காய்ச்சினார். பாதரசத்தின்மேல் செந்நிறத் துகள்கள் தோன்றின. 50 கன அங்குலமாக இருந்த காற்று ஏறக்குறைய 42 கன அங்குலமாகக் குறைந்தது. எஞ்சிய காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. உயிர்கள் வாழ இயலவில்லை. பின்னர், 45 கிரெயின் எடையுள்ள செந்நிறத் துகள்களைத் தனியே எடுத்து மிகுதியாகச் சூடேற்றினார். 41½ கிரெயின் பாதரசம் மீண்டது. அதனோடு 7 அல்லது 8 கன அங்குல வாயுவும் கிடைத்தது. அவ்வாயுவில் மெழுகுவர்த்தி பேரொளியுடன் எரிந்தது. அதுவே பிராணவாயு எனப்படும் ஆக்சிஜன். இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரீஸ்ட்லி அவ்வாயுவை முன்னரே பிரித்தெடுத்திருந்தார். எரிதலில் அதன் பங்கு யாது என்பதை விளக்கியவர் லவாசியே.

இவ்விளக்கத்தைக் கொண்டு கற்பூரத்தின் கணக்கையும் பார்க்கலாம். 1 கிராம் கற்பூரம் முழுமையாக எரிவதற்குக் காற்றிலிருந்து ஏறக்குறைய 2.84 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அதன் பயனாக ஏறக்குறைய 2.89 கிராம் கரியமில வாயுவும் 0.95 கிராம் நீரும் உண்டாகின்றன. எரிவதற்கு முன் இருந்தவற்றின் மொத்த எடை 3.84 கிராம், எரிந்தபின் இருப்பவற்றின் மொத்த எடையும் 3.84 கிராம். ஒன்றுமில்லாமற் போயிற்று என்று கண் சொல்லிய இடத்தில், ஏறத்தாழ நான்கு மடங்கு எடையுள்ள பொருள்கள் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கின்றன!

இரசாயன மாற்றத்தில் பொருள் புதிதாகப் படைக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை. 1789ஆம் ஆண்டில் வெளியான தம் இரசாயன நூலில் லவாசியே இவ்விதியை எடுத்துரைத்தார். அந்நூலுக்குரிய கருவிப் படங்களை வரைந்தவர் அவர் மனைவியார் மேரி ஆன் அம்மையார். பொருளும் ஆற்றலும் ஒன்றற்கொன்று மாறக்கூடியவை என்பதை 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் காட்டினார். ஆயினும், இரசாயன மாற்றங்களில் அதனால் நேரும் எடை வேறுபாடு மிக நுண்ணியது. சோதனைச்சாலைத் தராசுகளுக்கு அது புலனாவதில்லை. ஆதலால், லவாசியேயின் விதி இன்றும் இரசாயனக் கணக்குகளுக்கு அடிப்படையாக விளங்குகிறது.

லவாசியே வரி தண்டும் நிறுவனமொன்றில் பங்குடையவராக இருந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அதன் பொருட்டு அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில், அவர் உயிர் நீத்தார். அவருடைய ஆராய்ச்சி உரைகளை மேரி ஆன் அம்மையார் பின்னர் அச்சேற்றி வெளிப்படுத்தினார்.

கண்ணால் கண்டதைக் கொண்டு மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடாமல், அதனை அளந்து பார்த்துத் தெளிவதே அறிவியலின் முறை. அளக்கும்பொழுதும் எதனை முன்னே செய்வது, எதனைப் பின்னே செய்வது என்று ஆராய்ந்து செய்தல் வேண்டும். கலத்தைத் திறக்குமுன் நிறுத்த அந்தச் சிறு கவனத்தினால், நூறாண்டுக்கால ஐயம் ஒன்று நீங்கிற்று.