தட்டைத் திரைத் தொலைக்காட்சி: கடைக்குப் போகும் முன்

பண்டிகைக் காலம் நெருங்கினால் நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், டி.வி. மாற்றலாம் என்றிருக்கிறோம். எந்தக் கம்பெனி நல்லது?" ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கம்பியோடும் விளக்கோடும் காலம் தள்ளியவன் என்பதால், மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை! கம்பெனி பெயரைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பெட்டியின் முன் அதிக நேரம் உட்காரப் போவது யார் என்று நான் முதலில் கேட்பேன்.

மும்பையில் நம்மவர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மகனும் மருமகளும் காலை ஏழே முக்காலுக்கெல்லாம் லோக்கலைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஊரிலிருந்து அழைத்து வந்த அம்மாவோ மாமியாரோ மாலை வரை தனியாக இருக்கிறார். இந்தியும் மராத்தியும் அவருக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பத்து மணி நேரத்தில் அவர் காதில் விழும் தமிழ் அநேகமாகத் தொலைக்காட்சியிலிருந்துதான் வருகிறது. வாங்கிக் கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்ப்பார். கடையில் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். பெரும்பாலும் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

சிக்னல் கம்பத்தை எங்கே நடலாம் என்று முடிவு செய்ய நாங்கள் கம்பத்தடியில் நின்று பார்ப்பதில்லை. ரயில் ஓட்டுநர் எங்கிருந்து அதைப் பார்த்தாக வேண்டுமோ அங்கே போய் நின்று பார்ப்போம். தொலைக்காட்சிக்கும் அதே முறைதான். கடைக்குக் கிளம்பும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்து, பெட்டி வைக்கப் போகும் சுவரிலிருந்து அம்மா உட்காரும் நாற்காலி வரை அளந்து, தூரத்தை அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதை இரண்டால் வகுத்தால் திரையின் அளவு சுமாராகக் கிடைக்கும். ஏழடி என்றால் 84 அங்குலம், பாதி 42, ஆகவே 43 அங்குலப் பெட்டி போதும். ஒன்பதடி என்றால் 108 அங்குலம்; 55 வரை போகலாம்.

இந்த அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளக்கும் குறுக்களவு என்பதை மறக்கக் கூடாது. 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், உயரம் 53½. 55 அங்குலமானால் அகலம் சுமார் 122, உயரம் 68½. எண்ணில் 12தான் வித்தியாசம். பரப்பளவிலோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. கடையின் பெரிய கூடத்தில் 65 அங்குலம் அடக்கமாகத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் மாட்டினால் சினிமா கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்த கதையாகிவிடும்.

அடுத்தது 4கே, ஃபுல் ஹெச்.டி. என்னும் புள்ளிக் கணக்கு. கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக் கொடுக்கும் நல்ல பார்வை, 3.4 மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 43 அங்குல ஃபுல் ஹெச்.டி. திரையில் அகலவாக்கில் 1920 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு அரை மில்லிமீட்டர். அப்படியானால் 1.7 மீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்தரை அடிக்கு, அப்பால் உட்கார்ந்தவர் கண்ணுக்குப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியா. 4கே திரையில் புள்ளி அதிலும் பாதி. ஏழடியில் உட்காரும் அறுபது வயதுக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இன்று 43 அங்குலத்திலும் அதற்கு மேலும் பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது; வந்தால் வரட்டும், தொந்தரவில்லை. அதற்கென்று தனியாக விலை ஏற்றிச் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேறொரு சங்கதி வெளிப்படும். சாதாரண எஸ்.டி. ஒளிபரப்பில் படம் 576 வரிகளால் ஆனது. 43 அங்குலத் திரையில் அந்த வரி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமாக விரிகிறது. பத்தடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால்தான் படம் கூர்மையாகத் தெரியும். 55 அங்குலமானால் பதின்மூன்றடி வேண்டும். "புது டி.வி. வாங்கியும் சீரியல் மங்கலாகத்தான் இருக்கிறது" என்று பலர் குறைப்படுவது இதனால்தான். பெட்டி பெரிதாக ஆக, மட்டமான படம் இன்னும் மட்டமாகத் தெரியும். எனவே அளவை ஒரு படி குறைத்து, மிச்சமாகும் பணத்தில் அம்மா பார்க்கும் தமிழ்ச் சேனல்களுக்கு ஹெச்.டி. சந்தா கட்டுவது மேல். அப்படிக் கட்டியும் சிலர் செட்-டாப் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள பழைய கம்பியாலேயே இணைத்திருப்பார்கள். அந்தக் கம்பி வழியே ஹெச்.டி. வராது. ஹெச்.டி.எம்.ஐ. கம்பியைப் போட வேண்டும்.

இப்போது திரையின் வகை. எல்.இ.டி. டி.வி. என்று விற்பதெல்லாம் உண்மையில் எல்.சி.டி. திரைதான், பின்னாலிருந்து வெளிச்சம் தருவது மட்டுமே எல்.இ.டி. கியூ.எல்.இ.டி. என்பதும் அதே குடும்பம். வண்ணத்தைக் கூட்ட நடுவில் ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள். ஓ.எல்.இ.டி. வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், தானே அணையும். ஆகவே கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். இருட்டறையில் திரைப்படம் பார்ப்பவருக்கு அதைப்போல் வேறில்லை. ஆனால் நாள் முழுவதும் ஒரே சேனல் ஓடும் வீட்டில், மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே நிற்கும் செய்திப் பட்டையும் சில ஆண்டுகளில் அந்தத் திரையில் தழும்பாகப் பதிய வாய்ப்புண்டு. தயாரிப்பாளர்கள் இதைத் தடுக்க ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள் என்றாலும், தினம் பத்து மணி நேரம் சீரியல் ஓடும் வீட்டுக்கு எல்.சி.டி. வகையே போதும் என்பது என் கட்சி.

எல்.சி.டி.யிலும் ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று இரண்டு பிரிவு. வி.ஏ. திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும்; பக்கவாட்டில் நின்று பார்த்தால் வண்ணம் வெளுக்கும். ஐ.பி.எஸ்.ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூக்கும். ஆனால் எந்தக் கோணத்திலிருந்தும் படம் அதிகம் மாறாது. நம் வீடுகளில் ஒருவர் சோபாவில், ஒருவர் சாப்பாட்டு மேசையில், பாட்டி தரையில் பாய் விரித்து என்று மூன்று கோணம். விற்பனையாளருக்கு இந்தப் பெயர்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடையில் பெட்டியின் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், பிறகு குந்தி உட்கார்ந்து கீழிருந்து பாருங்கள். முகங்கள் வெளுத்துப் போனால் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது. நான் ஒரு கடையில் இப்படிக் குந்தியபோது பையன் ஓடி வந்து, "அங்கிள், தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டான்!

கடையில் படம் கண்ணைப் பறிப்பதற்குக் காரணம், எல்லாப் பெட்டிகளையும் 'விவிட்' என்ற அமைப்பில் ஏற்றி வைத்திருப்பதுதான். வீட்டுக்கு வந்ததும் அதை 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றிவிடுங்கள். தோல் தோலாகத் தெரியும், மின்சாரமும் குறையும். சினிமா பார்க்கும்போது அசைவுகள் நாடகம்போல் வழவழவென்று தெரிந்தால், அசைவைச் சீராக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும்.

படத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் முதியவர் உள்ள வீட்டில் இதுவே பெரிய விஷயம். பழைய பெட்டிகளில் ஒலிபெருக்கி முன்பக்கமாக, நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இன்றைய மெல்லிய பெட்டியில் அதற்கு இடமில்லை. அடியிலோ முதுகிலோ வைத்துவிடுகிறார்கள். ஒலி சுவரில் மோதிக் குழம்பி வருகிறது. வயதாகும்போது காதில் முதலில் குறைவது மேல் சுருதி. ச, த, ஸ போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் பெரியவருக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. "என்ன சொன்னான்?" என்பார். ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடும். சொல் அப்போதும் பிடிபடாது. பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க முடியாது; வீட்டில் சண்டை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமனார் இதனாலேயே டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டார். கேட்டால், "இப்போதெல்லாம் ஒன்றும் நன்றாயில்லை" என்பார். காது சரியில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

இதற்கு வழி இருக்கிறது. பெட்டியின் ஒலி அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்' போன்ற பெயரில் பேச்சைத் தூக்கிக் காட்டும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். அது போதாவிட்டால் பெட்டிக்குக் கீழே, முன்னோக்கி ஒலிக்கும்படி ஒரு சின்ன சவுண்ட்பார் வையுங்கள். அதிரும் பாஸ் பெட்டி வேண்டாம். பேச்சு தெளிவாக வந்தால் போதும். இணைக்க 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய ஹெச்.டி.எம்.ஐ. துளை வேண்டும், அது இருந்தால் டி.வி. ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். கடைக்குப் போகும்போது பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு தமிழ்ச் செய்தியைப் போடச் சொல்லி, திரைக்கு முதுகைக் காட்டி நின்று கேட்கச் சொல்லுங்கள். உதட்டசைவைப் பார்க்காமல் சொல் புரிந்தால் அந்தப் பெட்டி தேறியது.

ரிமோட் இன்னொரு பிரச்சினை. ஸ்மார்ட் டி.வி.யைப் போட்டவுடன் பல படங்களும் விளம்பரமுமாக ஒரு முகப்பு வந்து நிற்கும். பாட்டி தவறான பொத்தானை அழுத்திவிட்டால், மகன் வரும்வரை வெறும் திரைதான். பல மாடல்களில் பெட்டியைப் போட்டதும் கடைசியாகப் பார்த்த இணைப்பே, அதாவது செட்-டாப் பெட்டியே, வரும்படி அமைத்துவிடலாம். அந்த வசதி உண்டா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஸ்மார்ட் வேகத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள். மென்பொருள் சில ஆண்டுகளில் பழசாகும்; அப்போது ஒரு ஸ்டிக்கைச் செருகிக்கொள்ளலாம். திரையையும் ஒலியையும் அப்படி மாற்ற முடியாது.

மாட்டும் உயரம்: உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரட்டும். நாற்காலியில் உட்காருபவருக்கு அது தரையிலிருந்து மூன்றரை அடி சுமார். கதவு நிலைக்கு மேலே மாட்டிக் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பது கழுத்துவலிக்கு அழைப்பு. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்றால் மேசைதான். ஆனால் பல பெட்டிகளின் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. கால்களுக்கு இடையிலான தூரத்தை முதலில் கேட்டு, உங்கள் மேசையை அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவைப்படாது. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியின் முதுகிலேயே எழுதியிருந்தால் தாழ்ந்த மின்னழுத்தத்தை அதுவே சமாளிக்கும். ஆபத்து மேலே ஏறுவதில்தான். கட்டடத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரலாம். நல்ல சர்ஜ் தடுப்பான் திடீர் வீச்சை ஓரளவு தாங்கும். அதற்கும் வீட்டில் சரியான எர்த் இருக்க வேண்டும். மின்னல் மழையில் மின் பிளக்கோடு டிஷ் கம்பியையும் கழற்றிவிடுவது நல்லது.

விலையில் ஒரு நல்ல மாற்றம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. வரிக்குப் பயந்து 32லேயே நிற்க வேண்டியதில்லை. வட்டியில்லாத் தவணை என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெட்டியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்கே. உத்தரவாதம் முடிந்தபின் பேனல் போனால் மாற்றும் செலவு புதுப் பெட்டி விலையை நெருங்கும். ஆகையால் பேனலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், சர்வீஸ் சென்டர் தானேயிலோ கல்யாணிலோ உண்டா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். பெட்டியைக் கம்பெனி ஆள் வந்து பிரிக்கட்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் போட்டுக் கோடோ செத்த புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு அவர் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னும் சில வீடுகளில் பரணில் பழைய குழாய்த் திரைப் பெட்டி தூங்குகிறது. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக உடைத்தெடுக்கும் பழைய சாமான்காரரிடம் அதைப் போட வேண்டாம். புதிது வாங்கும் கடையில் மாற்றுக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.