யார் பெயர் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ‘அக்கா’ என்று அழைத்திருக்கிறாய். அந்த உரிமையில் ஒருமையிலேயே எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்கள் கேட்டிருக்கிறாய். ஹோட்டல் வரவேற்பு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில், உன் மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்தியிருக்கும் பெயரைப் பார்த்து, “யார் பேரும்மா, பாய்ஃபிரண்டா?” என்று கேட்டிருக்கிறார்கள். அது இறந்துபோன உன் அம்மாவின் பெயர். அதற்குப் பிறகு உன் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, வேலையும் வரவில்லை. இது முதலாவது. உன் தம்பி வலது முன்கையில் பெரிதாகச் சிங்கம் குத்தியிருக்கிறான், சிஆர்பிஎஃப் வேலைக்குத் தினமும் ஓடிப் பழகுகிறான், பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்களே, நிஜமா என்பது இரண்டாவது.

தம்பி விஷயத்தில் நாள் கடத்தக் கூடாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் சொல்வது பாதி உண்மை. பச்சை இருந்தாலே எடுக்க மாட்டார்கள் என்பது தவறு. எங்கே இருக்கிறது, என்ன இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற மூன்றையும் பார்ப்பார்கள். சிஆர்பிஎஃப் உள்ளிட்ட மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வுக்குப் பணியாளர் தேர்வாணையம், அதாவது எஸ்எஸ்சி, வெளியிடும் அறிவிப்பிலேயே இது அச்சில் இருக்கிறது. மதச் சின்னம், தெய்வ உருவம், பெயர் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருக்கலாம், ஆனால் இடது கையாக இருக்க வேண்டும். சல்யூட் அடிப்பது வலது கையால் என்பதால் இந்த ஏற்பாடு. அளவு, அந்த உறுப்பின் பரப்பில் நாலில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். உன் தம்பியின் சிங்கம் இடத்திலும் தவறுகிறது, நீ சொல்வதைப் பார்த்தால் அளவிலும் தவறுகிறது. ராணுவத்தின் விதி கொஞ்சம் வேறு. அங்கே இரண்டு கைகளிலுமே முன்கையின் உட்புறமும் புறங்கையும் அனுமதிக்கப்பட்ட இடங்கள். மரபுப்படி உடலில் பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்குத் தனிச் சலுகையும் உண்டு. ஒரு படையின் விதியை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடக் கூடாது. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறானோ அந்த ஆண்டின் அந்த அறிவிப்பை அவன் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும்.

பையன்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. வயது வரம்பும் உயரமும் பார்த்ததோடு மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். 2024 ஜனவரி முதல் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று வந்த பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் தேர்வின் வரிசையைக் கவனி. முதலில் கணினித் தேர்வு. பிறகு உடல்தகுதி, அதில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். இவ்வளவும் தாண்டிய பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. பச்சை மாட்டுவது அங்கேதான். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடியவனை, திருவிழாக் கடையில் ஒரு சாயங்காலம் குத்திய படம் கடைசிப் படியில் நிறுத்திவிடுகிறது. இப்படி நிராகரிக்கப்பட்ட ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்கும் பச்சை வலது கையில்தான். லேசர் மூலம் அழித்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னபோது, அழித்துவிட்டு மறுபடி மருத்துவக் குழு முன் நிற்க 2022-இல் நீதிமன்றம் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது. அது நீதிமன்றம் வரை போக முடிந்தவருக்குக் கிடைத்த வாய்ப்பு. உன் தம்பி அதை நம்பி உட்காரக் கூடாது.

அழிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சையின் மை மேல்தோலுக்கு அடியில் உள்ள தோலடுக்கில் இருக்கிறது. லேசர் அந்த மையைத் துகள் துகளாக உடைக்கும், உடம்பு அதைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். அதனால் ஒரே தடவையில் போகாது. பல தடவை செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் பல வாரம் தோல் ஆற வேண்டும். கறுப்பு மை ஓரளவு சுலபமாகப் போகும், பச்சை, மஞ்சள் வண்ணங்கள் லேசில் போகாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரைச் சரியாக வைக்கத் தெரியாதவர் கை வைத்தால் வெள்ளைத் திட்டோ தழும்போ நின்றுவிடும். அழகு நிலையம் வேண்டாம், தோல் மருத்துவர்தான். ஆசிட் வைத்துத் தேய்ப்பதும் காய்ச்சிய இரும்பால் சுட்டுக்கொள்வதும் வேண்டவே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் விசாரிக்கச் சொல்.

இனி உன் விஷயம். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

உன் தம்பியை நிறுத்தப்போகும் விதி எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அது அச்சில் இருக்கிறது. யாரும் படிக்கலாம், முன்கூட்டியே தயாராகலாம், அநியாயம் என்று தோன்றினால் வழக்குப் போடலாம். அரசு வேலை என்பதால் அரசியல் சாசனத்தின் 14-ஆம், 16-ஆம் பிரிவுகள் துணைக்கு வரும். உன்னை நிறுத்திய விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? விளம்பரத்தில் இல்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட மின்னஞ்சலிலும் இல்லை. வேண்டாம் என்றுகூட யாரும் உன்னிடம் சொல்லவில்லை, பேசாமல் இருந்துவிட்டார்கள். தனியார் நிறுவனம் பச்சையைக் காரணமாக்கி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. எழுதப்படாத விதியை எதிர்த்து எங்கே போய் நிற்பது?

முதல் பார்வை என்பது எவ்வளவு வேகமானது என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் என்ற இருவர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவரின் முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க விட்டால், முடிவு பெரிதாக மாறுவதில்லை, முடிவின் மேல் உள்ள நம்பிக்கைதான் கூடுகிறது. அந்த ஆய்வு முகத்தைப் பற்றியது, பச்சையைப் பற்றியது அல்ல. ஆனாலும் உன் நேர்முகத்தில் நடந்ததை நினைத்துப் பார். கையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அதன்பின் நீ பேசிய எதுவும் அந்தக் கதையை அசைக்கவில்லை.

அந்தக் கதை மையைப் பற்றியதே அல்ல என்பது என் எண்ணம். அது வர்க்கத்தைப் பற்றியது. பெண் என்பதால் இன்னும் ஒரு சுற்றுக் கூடுகிறது. சென்னை ஐடி அலுவலகம் ஒன்றில், பெரிய ஸ்டுடியோவில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து முழங்கை வரை டாட்டூ போட்ட இளைஞன் ‘கிரியேட்டிவ்’ ஆகிறான். கோயில் கொடையில் தரையில் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம், எழுத்து கொஞ்சம் கோணலாக, அம்மா பெயரைக் குத்திக்கொண்ட பெண்ணிடம் காதலன் பெயரா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஊசி, இரண்டும் மை. அவர்கள் வாசிப்பது, இது எந்தத் தெருவிலிருந்து வந்த கை என்பதைத்தான்.

இது இன்று வந்ததும் அல்ல. நம் கிராமங்களில் அறுபது, எழுபது வயது தாண்டிய பெண்களின் கைகளைப் பார். முன்கையில் கோலம், புள்ளி, தேள், சிலருக்கு நெற்றியிலும் மோவாயிலும் ஒரு பொட்டு. குறவர் சமூகத்துப் பெண்கள் ஊர் ஊராக வந்து பாட்டுப் பாடி வலி மறக்கவைத்துக் குத்தினார்கள், கூலியாக நெல்லோ அரிசியோ பழைய சேலையோ வாங்கிப் போனார்கள். அந்த மை எப்படிச் செய்யப்பட்டது என்று ஆங்கிலேய இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். மஞ்சளும் அகத்தி இலையும் அரைத்து, விளக்கெண்ணெயில் எரித்து, பிடித்த கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்களாம். செத்தால் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்று அந்தப் பாட்டிகள் சொல்வார்கள். நாற்று நட்டதும் களை எடுத்ததும் பிரசவம் பார்த்ததும் அந்தக் கைகள்தான். பிறகு அவர்கள் பெண்களும் பேத்திகளும் படித்தார்கள், நகரத்துக்கு வந்தார்கள். கையில் பச்சை இருந்தால் பட்டிக்காடு என்று யாரோ சொல்ல, சேலைத் தலைப்பை இழுத்து மறைத்தார்கள். எம்.ஜி.ஆர். காலத்தில் கட்சிக் கொடியைக் கையில் குத்திக்கொண்ட தொண்டர்களையும் படித்த நடுத்தர வர்க்கம் அதே பார்வைதான் பார்த்தது. உன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இவ்வளவு நீளமான வேர் இருக்கிறது.

உலகம் இதில் மெல்ல நகர்கிறது. ஏர் நியூசிலாந்து 2019 செப்டம்பர் முதல் ஊழியர்களின் வெளியே தெரியும் பச்சைகளை அனுமதித்தது. மாவோரி மக்களுக்கு முகத்திலும் கையிலும் குத்தும் ‘டா மோக்கோ’ அவர்களின் வம்ச வரலாறு, அதை மறைத்துக்கொண்டு வா என்று அவர்கள் நாட்டு விமான நிறுவனமே சொல்லக் கூடாதல்லவா? பிரிட்டனில் வர்ஜின் அட்லாண்டிக் 2022-இல் விமானப் பணியாளர்களுக்கான தடையை நீக்கியது. எமிரேட்ஸ் இன்னும் அனுமதிப்பதில்லை, ஆனால் அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் 2,000 பேருக்கு மேல் விசாரித்து மைக்கேல் ஃபிரெஞ்ச் என்ற பொருளாதார அறிஞரும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பச்சை குத்தியவர்களுக்கு வேலையிலோ சம்பளத்திலோ இழப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அந்த ஊர் முடிவை நம் ஊர் ஹோட்டல் வரவேற்பறையில் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பச்சை இருந்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று இங்கே அடித்துச் சொல்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம்.

ஒரு வகைப் பச்சைக்கு மட்டும் நான் பரிந்து பேச மாட்டேன். சாதிப் பெயரையும் சாதிச் சின்னத்தையும் கையில் குத்திக்கொள்ளும் பையன்கள் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிற்றையாவது கழற்றலாம். பக்கத்து மேசையில் உட்காரப்போகும் ஒருவரைத் தாழ்த்துவதற்கென்றே குத்தப்பட்டதை ஒரு நிறுவனம் வேண்டாம் என்றால், நான் அந்த நிறுவனத்தின் பக்கம். உன் அம்மாவின் பெயர் யாரையும் தாழ்த்தவில்லை.

அடுத்த நேர்முகத்துக்கு முழுக்கை போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். போ. அதில் அவமானம் எதுவும் இல்லை, வேலை உனக்கு இப்போது தேவை. ஆனால் வேலை உறுதியான பின், கையெழுத்துப் போடுவதற்கு முன், அவர்களுடைய ‘குரூமிங்’ விதியை எழுத்தில் கேள், கையைக் காட்டிச் சொல்லிவிடு. சேர்ந்த பிறகு தெரிந்து வரும் பேச்சைவிட அது நல்லது. யாராவது மறுபடி யார் பெயர் என்று கேட்டால், “என் அம்மா பெயர் சார்” என்று சொல்லி நிறுத்திக்கொள். எப்போது இறந்தார், ஏன் குத்திக்கொண்டாய் என்றெல்லாம் விளக்க நீ கடமைப்பட்டவள் இல்லை. அழிக்கச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். தம்பிக்கு லேசரைப் பற்றி இவ்வளவு சொன்ன நானே உனக்கு அதைச் சொல்ல மாட்டேன். அவனுக்கு முன்னால் அச்சிட்ட விதி இருக்கிறது. உனக்கு முன்னால் இருப்பது ஒரு அறையில் உட்கார்ந்திருந்த சிலரின் நினைப்பு மட்டும். ஹோட்டல்கள் பல இருக்கின்றன.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்துகொண்டு இந்தக் கடிதத்தைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனத்தில் பச்சை கூடாது என்றால் அதை விளம்பரத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். பேருந்துச் சத்தம் கொடுத்து, இரவல் காலணி போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. எழுதக் கூச்சமாக இருந்தால், அந்த விதியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெண்ணின் கையில் இருக்கும் பெயர் யாருடையது என்ற கேள்வி எந்த வேலைக்கும் தேவையில்லாதது. அதைக் கேட்பதை நிறுத்துங்கள்.

தங்கையே, உன் தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஓடுவதை நிறுத்த வேண்டாம் என்று சொல். ஆனால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா