வாக்குச் சீட்டில் ஒரு வினா

"பிரிவினை" என்றதும் துப்பாக்கிச் சத்தமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் சேர்ந்திருப்பதா, பிரிந்து போவதா என்று மக்களிடமே வாக்குச் சீட்டின் மூலம் கேட்ட நாடுகளும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தையும் பிரிட்டனின் ஸ்காட்லாந்தையும் இங்கு ஒப்பிட்டுக் காண்போம்.

கியூபெக்கில் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழியினர். 1763-இல் அந்நிலம் பிரான்சிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் நெடுங்காலம் அம்மக்களின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தி, அவர்தம் மொழிக்கும் அரணாய் நின்றது கத்தோலிக்கத் திருச்சபையே. 1960-க்குப் பின் அப்பணிகளை அரசு ஏற்றது. கோயிலுக்குச் செல்வோர் தொகையும் குறைந்தது. "நாம் யார்?" என்ற வினாவுக்குச் சமயமும் மொழியும் சேர்ந்து தந்த விடையை, இப்போது மொழி மட்டுமே தரலாயிற்று. கன்னியர் நடத்தும் பள்ளியில் பயிலும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது!

1970-இல் ஒரு தீவிரவாதக் குழு, மாநில அமைச்சர் பியேர் லபோர்ட்டைக் கடத்திக் கொன்றது. எனினும் பெரும்பாலோர் அவ்வழி செல்லவில்லை. வாக்குச் சாவடிக்கே சென்றனர். 1980-இல் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பிரிவினைத் திட்டத்தை மறுத்தனர். 1995-இல் மறுத்தவர்கள் 50.58 விழுக்காடுதான். நூலிழையில் கனடா பிழைத்தது எனலாம்.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. அங்கு ஏறக்குறைய எல்லோரும் ஆங்கிலமே பேசுகின்றனர். கேலிக் மொழி பேசுவோர் மிகச் சிலரே. ஆகவே மொழிதான் எங்கும் காரணம் என்று நாம் எண்ணுவது தவறு. 1707-இல் இங்கிலாந்துடன் இணைந்தபோதும் அந்நாடு தன் சட்டத்தையும் பள்ளி முறையையும் விடவில்லை. 1970-களில் வடகடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும், "அந்தச் செல்வம் யாருக்கு?" என்ற கேள்வி வலுத்தது. 1999-இல் தனிப் பாராளுமன்றம் கிடைத்தது. 2014 வாக்கெடுப்பில் 55 விழுக்காட்டினர் பிரிய வேண்டாம் என்றனர். பதினாறு வயதினரும் அதில் வாக்களித்தனர். நம் பதினோராம் வகுப்பு அக்காமாரின் வயதுதான்!

இன்னொரு வேறுபாடு, கேட்ட வினாவில் இருக்கிறது. 1980-இல் கியூபெக் கேட்ட வினா நூறு சொற்களுக்கும் மேல் நீண்டது. ஸ்காட்லாந்தின் வினாவோ ஆங்கிலத்தில் ஆறே சொற்கள். வினா தெளிவாக இருக்க வேண்டும் என்பதைக் கனடா உச்ச நீதிமன்றமும் 1998-இல் வலியுறுத்தியது. ஒரு மாநிலம் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மையோர் "ஆம்" என்றால், மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அது கூறியது.